ரத்தத்தில் ஏற்றிய எண்ணெய்

எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் கொஞ்ச நேரம் வெள்ளையாகக் கலந்த மாதிரி இருக்கும். அப்புறம் எண்ணெய் மேலே வந்து நின்றுவிடும். பிரியாமல் நிற்க வைத்தால் அதுதான் பால்மம், அதாவது எமல்ஷன். முகத்துக்குப் போடும் க்ரீம் பிரிந்துபோனால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் ரத்தக் குழாயில் ஏற்றிய பால்மம் பிரிந்தால்? பெரிய எண்ணெய்த் துளிகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். உயிரே போகலாம்.

எண்ணெயை எதற்கு ரத்தத்தில் ஏற்ற வேண்டும் என்கிறீர்களா? குடலில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களால் பல நாள் சாப்பிட முடியாது. 5 சதவீத குளுக்கோஸ் 1 லிட்டரில் சுமார் 200 கலோரிதான். 2000 கலோரிக்கு 10 லிட்டர் வேண்டும்! அடர்த்தியைக் கூட்டினாலோ கையில் உள்ள ரத்தக் குழாய் புண்ணாகும். கொழுப்பில் அந்தச் சிக்கல் இல்லை. 1 கிராமுக்கு 9 கலோரி.

அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்த லிப்போமல் என்ற பால்மத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்குக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு எல்லாம் வந்தன. 1960களின் நடுவில் அதைக் கைவிட்டார்கள்.

இதே வேலையில் இருந்தவர் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட். பலவித எண்ணெய்களையும் சேர்மானங்களையும் மாற்றி மாற்றி நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். கடைசியில் தேறியது சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடும். இந்தப் பாஸ்போலிப்பிடின் ஒரு முனை எண்ணெயில் ஒட்டும், மறுமுனை தண்ணீரை நாடும். அது துளிகளைச் சுற்றி உறை மாதிரி நிற்கிறது. உறையில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, சேர்ந்து பெரிதாவதில்லை. (கால்சியம் உப்பைக் கண்டபடி சேர்த்தால் இந்த மின்னூட்டம் குறைந்து பால்மம் உடையும்.) துளியின் சராசரி அளவு அரை மைக்ரானுக்கும் கீழே!

1962ல் ஸ்வீடன் இதற்கு அனுமதி தந்தது. பெயர் இன்ட்ராலிப்பிட். லிப்போமலில் சூடு கண்ட அமெரிக்காவோ 1975 வரை அனுமதிக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. ப்ரொபொஃபால் என்ற மயக்க மருந்து தண்ணீரில் கரையாது. 1977ல் கிரெமோஃபார் என்ற பொருளில் கரைத்துச் சோதித்தபோது சிலருக்குக் கடுமையான அலர்ஜி வந்தது. அதே சோயா எண்ணெய், மஞ்சள் கரு முறைக்கு மாற்றிய பிறகுதான் 1986ல் சந்தைக்கு வந்தது. இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் ஊசியில் பால் மாதிரி வெள்ளையாக ஏற்றுகிறார்களே, அது இதுதான்.

மருந்து சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுமந்து போவதும் சரியாக இருக்க வேண்டும் போல!