தலைமையையே எதிர்க்கும் இளைஞரணி... ஜெர்மனியின் ‘யூசோஸ்’ யார்?

இளைஞரணி என்றாலே பேனர் கட்டுவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என்றுதான் நினைப்போம். ஆனால், ‘நம்ம கட்சி ஆட்சியில் சேரவே கூடாது’ என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்த இளைஞரணியும் இருக்கு. அதுதான் ஜெர்மனியின் ‘யூசோஸ்’.

யார் இவர்கள்?

‘இளம் சோஷலிஸ்ட்டுகள்’ என்பதன் ஜெர்மன் சுருக்கம் இது. சமூக ஜனநாயகக் கட்சியின் (எஸ்.பி.டி) இளைஞரணி. கட்சியில் இருக்கும் 35 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் தானாகவே இதில் உறுப்பினர்கள். 14 வயசு ஆனாலே சேரலாம். 1969-ல் மியூனிக் மாநாட்டில் இடதுசாரிப் பாதைக்குத் திரும்பியது. அன்று தொடங்கிய உரசல் இன்னும் ஓயவில்லை.

2018-ல் என்ன நடந்தது?

2017 தேர்தலில் எஸ்.பி.டி வாங்கியது வெறும் 20.5 சதவிகித வாக்கு. ‘எதிர்க்கட்சியாகவே இருப்போம்’ என்று அறிவித்த தலைமை, சில வாரங்களிலேயே ஏஞ்சலா மெர்கலுடன் மீண்டும் கூட்டணி பேசப் போனது.

யூசோஸ் தலைவர் கெவின் கூனெர்ட்டுக்கு அப்போது 28 வயசு. மெர்கலோடு சேர்ந்தே இருந்தால் கட்சிக்கென்று தனி அடையாளம் இருக்காது என்பது அவர் வாதம். கூட்டணி ஒப்பந்தத்துக்குக் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்பதால், ‘கட்சியில் சேரு, வேண்டாம்னு சொல்லு’ என்று யூசோஸ் முழக்கம் வைத்தது. சில வாரங்களில் 24 ஆயிரத்துக்கும் அதிகமானோர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

முடிவு? 66 சதவிகிதம் பேர் கூட்டணிக்கு ஆதரவு. யூசோஸ் தோற்றது.

அப்போ இவர்களுக்குச் செல்வாக்கு இல்லையா?

இருக்கு. 2019 இறுதியில் கட்சித் தலைமைக்கான போட்டியில் ஒலாஃப் ஷோல்ஸ் தோற்றார். யூசோஸ் ஆதரித்த சாஸ்கியா எஸ்கென், நோர்பர்ட் வால்டர் போர்யான்ஸ் ஜோடி வென்றது. ஆனாலும், 2021-ல் பிரதமர் பதவிக்கு இணையான சான்சலர் நாற்காலியில் அமர்ந்தது அதே ஷோல்ஸ்தான்!

இன்னொரு சுவாரசியம்: ஷோல்ஸ் 1980-களில் யூசோஸ் துணைத் தலைவர். முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், 1978 முதல் 1980 வரை அதன் தலைவர். இருவருமே அன்று தீவிர இடதுசாரிகள். ஆட்சிக்கு வந்தபோது நடுவழிக்கு வந்துவிட்டவர்கள்.

இப்போது?

2025-லும் கூட்டணி ஒப்பந்தத்தை யூசோஸ் எதிர்த்தது. 84.6 சதவிகித ஆதரவோடு ஒப்பந்தம் நிறைவேறியது. மறுபடியும் தோல்விதான். ஆனால், தலைமை எடுக்கும் முடிவுக்குக் கட்சிக்குள்ளேயே காரணம் சொல்லியாக வேண்டிய கட்டாயம், கேள்வி கேட்க இப்படி ஒரு கூட்டம் இருப்பதால்தான்.