பீமன் ஏறிய சோற்று வண்டி

திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவின் பகல் நிகழ்ச்சிகளுள் ‘பகாசூரன் வதம்’ என்பது, பீமன் வேடமிட்ட கூத்தர் ஒருவர் சோறும் பண்டங்களும் ஏற்றிய வண்டியில் தெருத்தெருவாக வந்து, தாமும் உண்டு, கூடி நிற்கும் சிறுவர்க்கும் வாரி வழங்கிச் செல்லும் வழக்கமாகும். இன்றைய கடலூர் மாவட்டத்தை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு, இவ்விழா வேரூன்றிய நிலப்பரப்பாகும். கதையில் வரும் ஒருவரோடு உணவைப் பகிரும் வாய்ப்பைக் குழந்தைக்கு அளிப்பது அண்மைக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் கண்டுபிடித்த புதுமை என்று கருதுவோர், இந்த வண்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புதுமையின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அங்கு உலவிய மிக்கி எலி முதலான உருவங்களின் உடைகள் ‘ஐஸ் கேப்பேட்ஸ்’ என்னும் பனிச்சறுக்கு நடனக் குழுவிடமிருந்து இரவல் பெறப்பட்டவையாக இருந்தன. பூங்காவில் ஆங்காங்கே தென்பட்ட அவ்வுருவங்கள் பிற்காலத்தில் உணவுக்கூடங்களுக்குள்ளும் வரவழைக்கப்பட்டு, முன்பதிவு செய்து பணம் செலுத்திய குடும்பத்தினரின் மேசைகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, குழந்தையை அணைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் முறை நிலைபெற்றது. இதுவே ‘கதைமாந்தர் விருந்து’ எனத்தக்கது. முழு முகமூடி அணிந்த உருவங்கள் அங்கே பேசுவதில்லை. குழந்தையின் தட்டிலிருந்து ஒரு கவளமும் எடுத்து உண்பதில்லை. விருந்து என்று பெயர் பெற்ற ஒன்றில் விருந்தாளி உண்ணாமலே போவது தமிழ் மனத்துக்குச் சற்று விந்தையாகவே படும்.

தென்னார்க்காட்டில் பீமன் உண்ண வருவதற்கான காரணம் பாரதக் கதையிலேயே உள்ளது. அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர்கள் அந்தணர் வேடத்தில் ஏகசக்கரம் என்னும் ஊரில் ஒரு வீட்டில் தங்கியிருக்கையில், அவ்வூரார் பகன் என்னும் அரக்கனுக்கு ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமைகளும், அவற்றைக் கொண்டு செல்லும் ஓர் ஆளும் முறைவைத்து அனுப்பி வருவதைக் குந்தி அறிகிறாள். முறை அவ்வீட்டுக்கு வரவே, கணவன் மனைவி மகள் ஆகிய மூவரும் தாமே இரையாவதாகக் கூறி அழுகின்றனர். அப்போது மழலை மாறாத அவ்வீட்டு ஆண்குழந்தை ஒரு புல்லை எடுத்து, இதனாலேயே அரக்கனைக் கொன்றுவிடுவேன் என்று சொல்ல, துயரத்துக்கு நடுவிலும் பெற்றோர் மகிழ்ந்ததாக வியாச பாரதம் சித்திரிக்கிறது. பெருங்காப்பியத்தின் எண்ணற்ற வீரர்களுக்கிடையே, நடை பழகும் பருவத்துக் குழந்தைக்கு இத்தகைய இடம் அமைந்தது அரிது. பின்னர் குந்தியின் சொற்படி வண்டியோடு சென்ற பீமன், அரக்கன் பார்த்திருக்கவே அவனுக்குரிய சோற்றைத் தானே உண்டு, முதுகில் விழும் அடிகளைப் பொருட்படுத்தாமல் உண்டு முடித்து, அதன்பின் அவனைக் கொல்கிறான்.

இக்கதை ஊர் மக்களிடம் பரவியதில் வில்லிபாரதத்துக்குப் பெரும் பங்குண்டு. அதன் ஆசிரியரான வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சேர்ந்தவர் என்பர். திருமுனைப்பாடி என்பது அப்பர் பிறந்த திருவாமூரும் சுந்தரர் பிறந்த திருநாவலூரும் அடங்கிய, தென்பெண்ணையை ஒட்டிய பழைய நாட்டுப் பிரிவாகும். வக்கபாகை வரபதியாட்கொண்டானின் ஆதரவில் இயற்றப்பட்ட இந்நூலின் வேத்திரகீயச் சருக்கம் பகாசுரன் கதையைக் கூறுகிறது. பாரத விழாவில் பகலில் பிரசங்கியார் வில்லியின் பாடல்களைப் படித்துப் பொருள் சொல்வதும், இரவில் அதே பகுதி தெருக்கூத்தாக ஆடப்படுவதும், விழாவின் இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழ்வதும் மரபு. படுகளம் என்பது துரியோதனனின் மண்ணுருவத்தை அமைத்து, அவன் போர்க்களத்தில் வீழ்ந்ததை நிகழ்த்திக் காட்டும் சடங்கு. செஞ்சியைச் சுற்றிய பகுதியே இவ்வழிபாட்டின் மையம் என்று விரிவாக எழுதியவர், 1988இல் திரௌபதி வழிபாடு பற்றிய தம் நூலின் முதல் தொகுதியை வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் ஆவார்.

பகாசூரன் வதத்தன்று, ஊருக்கு ஊர் முறைகள் வேறுபடினும், நிகழ்ச்சியின் உடல் ஒன்றே. மாட்டு வண்டியில் வடித்த சோறும் குழம்பும் வைக்கப்படுகின்றன. வாழைப்பழத் தார்களும் பலகாரங்களும் சேர்கின்றன. பீமன் கதாயுதத்தோடு மேலேறி நிற்க, மேளம் முன்செல்ல, வண்டி வீதிவலம் புறப்படுகிறது. வீட்டார் தத்தம் பங்கைக் கொண்டுவந்து கொடுக்க, பீமன் அதை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டும், கேலி பேசிக்கொண்டும், பழத்தையும் பலகாரத்தையும் கூட்டத்தை நோக்கி வீசிக்கொண்டும் செல்கிறான். முடிவில் ஊரின் ஒரு திடலில் பகாசூரனோடு மோதல் நிகழ்ந்து அரக்கன் வீழ்கிறான். காப்பியத்தில் அஞ்சி அனுப்பப்பட்ட திறைச் சோறு, இங்கே மீண்டும் ஊராரின் கைகளுக்கே பிரசாதமாகத் திரும்புகிறது என்பதே இச்சடங்கின் நுட்பமான மாற்றம். பீமன் உண்ணுவதை மட்டும் கண்டு சிரித்து நகர்வோர் இதைத் தவறவிடுவர்.

குழந்தை இவ்வேடத்தை முதலில் அச்சத்தோடுதான் எதிர்கொள்கிறது. கூத்தர் ‘கட்டை கட்டுதல்’ என வழங்கும் ஒப்பனையில், எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தால் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடிச் சில்லுகள் பதித்த முடியும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணியப்படுவதாலும், முகம் அரிதாரத்தால் நிறைவதாலும், காலில் சலங்கை ஒலிப்பதாலும், ஆடுபவர் இயல்பினும் பெரிய உருவமாகத் தோன்றுகிறார். இரவுக் கூத்தில் இந்த அச்சத்தைத் தணிப்பவன் கட்டியக்காரன். பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, அரசனையே எள்ளிப் பேசும் கோமாளியாகிய அவன் சிரிக்கவைத்த பின்னரே திரைக்குப் பின்னிருந்து பெரிய வேடங்கள் வெளிப்படுகின்றன. பகல் வண்டியில் அத்தணிப்பை உணவு செய்கிறது. தாயின் இடுப்பிலிருந்து அலறும் குழந்தை, அதே உருவம் தன்னைப் போலவே வாய் நிறையச் சோறு தின்பதைக் கண்டு அமைதியடைவது இயல்பே. மேலைநாட்டுப் பூங்காக்களில் மிக்கியைக் கண்டு அழும் கைக்குழந்தைகளுக்கு இவ்வாறான வழி இல்லை. அங்கே உருவம் பேசவும் முடியாது, உண்ணவும் முடியாது, கையசைக்கவும் அணைக்கவுமே இயலும்.

தமிழகத்தின் கேளிக்கைப் பூங்காக்கள் உணவை இவ்வாறு வேடத்தோடு இணைத்து வளர்க்கவில்லை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. நிறுவனத்தாரின் பூங்கா வாயிலில் காவலர் உடையில் அசையாது நின்ற ‘சிலை மனிதர்’ புகழ்பெற்றவர். அவரைச் சிரிக்கவைக்க முயல்வதே அங்கே குழந்தைகளின் விளையாட்டு. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் 1984ஆம் ஆண்டு முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் தாம்பரத்தை அடுத்து உருவாக்கிய பூங்காவுக்கு, இராமாயணத்து வானர நாட்டின் பெயரால் கிஷ்கிந்தா என்று பெயரிட்டார். பெயரில் காப்பியம் இருந்தது. ஆனால் உள்ளே நீர்ச்சறுக்கும் இராட்டினமுமே ஆட்சி செய்தன.

இரு விருந்துகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, உணவு செல்லும் திசையில் இருக்கிறது. பூங்காவில் குடும்பம் தன் குழந்தைக்காகப் பணம் செலுத்துகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிஸ்னிலாந்தில் நுழைவுக் கட்டணம் இல்லையெனினும், அதனை அழைத்துவருவோர் செலுத்தும் தொகையே ஏற்பாட்டின் அடித்தளம். பீமனின் வண்டியில் ஏறும் சோறு ஊராருடையது; ஒரு வீட்டில் கொடுத்த பழம் வேறொரு வீட்டுக் குழந்தையின் கைக்குப் போகிறது. எனினும் இதனைக் கறையற்ற சமத்துவமாகப் புனைந்துரைப்பது வரலாறாகாது. வண்டி எந்தத் தெருவில் நுழையும், எந்தத் தெருவில் நுழையாது என்பதைச் சாதி வகுத்த ஊரமைப்பு தீர்மானித்த காலம் உண்டு. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் நுழைவு பற்றிய மோதலால் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டதும் இதே வழிபாட்டின் வரலாற்றில் அடங்கும்.

இன்று பல ஊர்களில் மாட்டு வண்டியின் இடத்தை டிராக்டர் பிடித்திருக்கிறது. கூத்தின் இரவு ஆட்டத்தையும் தீமிதியையும் பதிவு செய்வதில் ஆய்வாளர் காட்டிய ஊக்கம் இப்பகல் நிகழ்ச்சிக்குப் போதிய அளவு கிட்டவில்லை. வண்டியில் எவ்வீட்டார் என்ன வைத்தனர், அது எந்தத் தெருக்கள் வழியே சென்றது, யார் கையில் சேர்ந்தது என்பனவற்றைப் பீமன் வேடம் கட்டிய முதிய கூத்தரிடமும், பிள்ளைப் பருவத்தில் அவ்வண்டியின் பின்னே ஓடியவரிடமும் கேட்டு எழுதிவைக்கும் பணியை, தென்பெண்ணைக் கரையின் கல்லூரித் தமிழ்த்துறைகள் காலம் தாழ்த்தாமல் ஏற்க வேண்டும்.