கோடையும் கட்டணமும்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வறிய குடும்பங்களுக்கான குளிர்ச்சியுதவியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வறுமை பற்றிய வரலாற்றாய்வுகளில் உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் பெற்றுள்ள இடத்தை, அவ்வுறையுளின் உள்ளே நிலவும் வெப்பநிலை பெற்றதில்லை. குளிரால் வாடும் வறியோனுக்கு விறகோ நிலக்கரியோ வழங்குதல் மேலைநாடுகளிற் பழமையான அறமாகும். வெப்பத்தால் வாடுபவனுக்குக் குளிர்ச்சி வழங்குதல் அறமாகக் கருதப்படுவதற்கு நெடுங்காலஞ் சென்றது. அது சட்டமாவதற்கு இன்னும் நெடுங்காலஞ் சென்றது. சட்டமான பின்னரும் அது குளிர்கால உதவியின் நிழலிலேயே நின்றது. இந்நிலை ஏற்பட்டமைக்கான காரணங்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1896ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் நியூயோக் நகரைப் பத்து நாட்கள் வரை நீடித்த கடும் வெப்பம் தாக்கியது. அந்நாட்களில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர் எனப் பிற்கால ஆய்வு கணித்துள்ளது. மாண்டவர்களுட் பெரும்பாலோர் மன்ஹற்றனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், காற்றுப் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளரும் குடியேறியோருமாவர். அறைக்குள் உறங்கமுடியாதோர் கூரைகளில் உறங்கினர். உறக்கத்திலே புரண்டு விழுந்து இறந்தோரும் உளர். பூங்காக்களில் இரவில் உறங்குவதற்கு இருந்த தடையை நீக்குவதற்குக்கூட நகர ஆட்சியினர் பல நாட்கள் தயங்கினர். அப்பொழுது நகரப் பொலிசு ஆணைக்குழுவின் தலைவராக விளங்கிய தியோடர் ரூசுவெல்ற், பொலிசு நிலையங்கள் வாயிலாக வறியோருக்குப் பனிக்கட்டியை இலவசமாகப் பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்தார். பின்னாளிற் சனாதிபதியான இவரின் வாழ்க்கையை எழுதியோர் பலர் இந்நிகழ்ச்சியை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். எனினும் எமது பொருளுக்கு இது முதன்மையான சான்றாகும். உதவி பணமாக அன்றிப் பொருளாக வந்தது; சாவுகள் தொடங்கிய பின்னரே வந்தது; வெப்பம் தணிந்ததும் மறைந்தது. அடுத்த ஆண்டுக்கென எவ்வித ஏற்பாடும் எஞ்சவில்லை.

பனிக்கட்டி ஒரு வணிகப்பொருள் என்பதை நான்கு ஆண்டுகளின் பின்னர் நியூயோக் மக்கள் நன்குணர்ந்தனர். 1900ஆம் ஆண்டில், நகரின் பனிக்கட்டி வணிகத்தைத் தன்வயப்படுத்தியிருந்த அமெரிக்கப் பனிக்கட்டிக் கம்பனி, நூறு இறாத்தல் 30 சதமாக இருந்த விலையை 60 சதமாக உயர்த்தியது. அன்றைய நகரபிதா றொபேட் வான் வைக் அக்கம்பனியிற் பெருந்தொகைப் பங்குகளை வைத்திருந்தமை பத்திரிகைகளால் வெளிப்படுத்தப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு, அவரின் அரசியல் வாழ்வையே முடிவுக்குக் கொண்டுவந்தது. குளிர்ச்சியின் விலை ஓர் அரசியற் பிரச்சினை என்பது இங்கே முதன்முதலிற் புலனாகின்றது எனலாம்.

1902இல் விலிஸ் கரியர் புறூக்கிளினிலுள்ள அச்சகமொன்றுக்காக அமைத்த பொறியே நவீன குளிரூட்டியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அது மனிதரின் நலத்துக்காக அன்றிக் கடதாசியின் நலத்துக்காகவே அமைக்கப்பட்டது. இல்லங்களை அது அடைவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. 1960இல் அமெரிக்க இல்லங்களில் ஏறத்தாழ 12 வீதத்திலேயே குளிரூட்டி இருந்தது. 1980இல் அரைவாசிக்கு மேற்பட்டவற்றிலும், 2020இல் 88 வீதமானவற்றிலும் அது இருந்தது. இம்மாற்றத்தின் விளைவு இருவகைப்பட்டது. உயர்ந்த முகடும் அகன்ற தாழ்வாரமும் காற்றோட்டத்துக்கு எதிரெதிரான சாளரங்களும் கட்டட அமைப்பிலிருந்து மறைந்தன; பொறி இல்லாத இல்லம் முன்னையதிலும் வெப்பமான இல்லமாயிற்று. அதனோடு, குளிர்ச்சியின் செலவு மாதந்தோறும் வரும் மின்சாரப் பட்டியலினுள்ளே புகுந்துகொண்டது. பனிக்கட்டிக்குக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிந்தது. மின்சாரத்துக்குக் கொடுப்பது மாதமுடிவிலேயே தெரியவருகின்றது. இதனால் வறியோர் பொறி இருந்தும் அதனை இயக்க அஞ்சும் புதியதொரு நிலை தோன்றிற்று.

இவ்வளவு மாற்றம் நிகழ்ந்தபோதும் அரசாங்கத்தின் சத்தியுதவி கோடையிலிருந்து பிறக்கவில்லை. அது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின் குழந்தையாகும். அவ்வாண்டு ஒற்றோபரில் அரபு நாடுகள் விதித்த ஏற்றுமதித் தடையால் எண்ணெய் விலை பன்மடங்காகியபோது முதலில் நடுங்கியவை, எண்ணெயை எரித்து வீட்டை வெப்பமாக்கிய வடகிழக்கு மாநிலங்களே. வறியோரின் வீடுகளிற் குளிர் புகும் இடைவெளிகளை அடைக்கும் பணி மெயின் மாநிலத்தில் 1973-74 குளிர்காலத்தில் தொடங்கியது. 1976இல் அது சமட்டித் திட்டமாயிற்று. 1977இல் கட்டணஞ் செலுத்த இயலாதோருக்கென 200 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. இவையனைத்தும் குளிரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. 1980 ஏப்பிரலில் எண்ணெய்க் கம்பனிகளின் மிகைலாபத்தின்மீது வரிவிதித்த சட்டத்தின் ஒரு பகுதியாக இல்லச் சத்தியுதவிச் சட்டம் நிறைவேறியபோதும், அதன் கவனம் பெரிதும் வெப்பமூட்டலின் மீதே இருந்தது.

அச்சட்டத்தின் கீழ்ப் பணத்தை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்க வகுக்கப்பட்ட சூத்திரம் தனியே நோக்கற்பாலது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 பாகை பரனைற்றிலிருந்து எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவும் அந்நாளின் 'வெப்பமூட்டற் பாகைநாள்' எனப்படும். இவற்றை ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் ஓரிடத்தின் குளிர் ஓர் எண்ணாகக் கிடைக்கும். சூத்திரம் இவ்வெண்ணை அப்படியே கொள்ளவில்லை. அதன் வர்க்கத்தைக் கொண்டது. ஒரு மாநிலம் மற்றொன்றைப் போல் இருமடங்கு குளிருடையதாயின் அதன் கணக்கு நான்கு மடங்காகும். இதே முறையில் வெப்பத்தை அளக்கும் எண்ணும் வழக்கில் இருந்தது; வானிலையாளர் அதனை நன்கறிவர். அதற்கு இத்தகைய இடம் அளிக்கப்படவில்லை. தென்மாநில உறுப்பினரின் முறைப்பாடுகளால் வேறு சில சமரசப் படிகள் சேர்க்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் அடித்தளம் குளிராகவே இருந்தது. வறுமையைக் கணக்கிட முனைந்த சட்டம் பாதி ஆண்டை மட்டுமே கணக்கிட்டது.

சட்டம் நிறைவேறிச் சில வாரங்களிலேயே வரலாறு இதனைச் சோதித்தது. 1980 யூன் 23 முதல் ஓகத்து 3 வரை டலஸ்-போட் வேத் பகுதியில் 42 நாட்கள் தொடர்ந்து வெப்பநிலை 100 பாகையைத் தொட்டது அல்லது தாண்டியது. யூன் 26, 27ஆம் நாட்களில் அது 113 பாகையாயிற்று. நாடெங்கும் இறந்தோர் தொகை ஆகக் குறைந்த கணிப்பின்படி 1,250 ஆகும். மிசூரி மாநில நகரங்களில் நடாத்தப்பட்ட மருத்துவ ஆய்வொன்றின்படி, அவ்வாண்டு யூலையில் இறப்புகள் சென்ற் லூயிசில் 57 வீதமும் கான்சாஸ் நகரில் 64 வீதமும் அதிகரித்தன. வெப்பத்தாக்குக்கு ஆளானோருள் முதியோரும் வறியோரும் பன்மடங்கு மிகுந்திருந்தனர். சனாதிபதி காட்டரின் ஆட்சி மின்விசிறிகளுக்கும் கட்டணங்களுக்கும் அவசர நிதி அளித்தது. மின்விசிறி கொடுத்தமை நல்லெண்ணத்தாற் செய்யப்பட்டதாயினும், காற்றின் வெப்பநிலை உடலின் வெப்பநிலையை நெருங்கித் தாண்டும்போது விசிறி குளிர்ச்சியைத் தருவதில்லை என்பதை மருத்துவர் பின்னர் பலமுறை எடுத்துரைக்க நேர்ந்தது. 1896இன் பனிக்கட்டி இதனினும் பயனுடையதாக இருந்திருக்கும்.

1981இல் இறேகன் ஆட்சியின் வரவுசெலவுச் சட்டத்தின் மூலம் இப்பொழுது வழங்கும் 'வருமானங் குறைந்தோர் இல்லச் சத்தியுதவித் திட்டம்' உருவாயிற்று. கோடைக்குளிர்ச்சிக்கும் உதவலாமென அது இடமளித்தது. ஆனால் அதனை மாநிலங்களின் விருப்புக்கு விட்டது. பணப்பகிர்வோ முன்னைய ஆண்டின் வீதங்களையே பின்பற்றியது. இவ்வநீதியை 1984இல் காங்கிரசு உணர்ந்து, வெப்பமூட்டல், குளிரூட்டல் ஆகிய இரண்டுக்கும் வறிய குடும்பங்கள் செய்யும் செலவை அடிப்படையாகக் கொண்ட புதிய சூத்திரத்தை வகுத்தது. ஆயின் வடமாநிலங்களின் பங்கு குறையாதிருக்க ஒரு காப்பு வாசகமும் உடன் சேர்க்கப்பட்டது: மொத்த ஒதுக்கீடு 1,975 மில்லியன் டொலரைத் தாண்டாதவிடத்துப் பழைய பகிர்வே நிலவும் என்பது அதன் பயன். ஒதுக்கீடு 1980களின் நடுப்பகுதிக்குப் பின் இரு தசாப்தங்களாக அவ்வெல்லையைத் தாண்டவில்லை. புதிய சூத்திரம் சட்டப் புத்தகத்தில் உறங்கியது. 2009இல் ஒதுக்கீடு 5,100 மில்லியன் டொலராகப் பெருகியபோதும், காங்கிரசு அதன் பெரும்பகுதியைப் பழைய முறைப்படியே பகிருமாறு விதித்தது. கோடையின் உரிமை எழுத்திலே ஒப்புக்கொள்ளப்பட்டுக் கணக்கிலே மறுக்கப்பட்டது என்று கூறுதல் மிகையாகாது.

இதனோடு நாட்காட்டியின் சதியையும் குறிப்பிடல் வேண்டும். சமட்டி அரசாங்கத்தின் நிதியாண்டு ஒற்றோபர் முதலாந் திகதி தொடங்குகின்றது. பணம் வந்ததும் முதலில் எதிர்ப்படுவது குளிர்காலம். கோடை ஆண்டின் இறுதியில் வருவதால் எஞ்சியதே அதற்குரிய பங்காகின்றது. பல மாநிலங்களில் எஞ்சுவதில்லை.

1995 யூலையிற் சிக்காகோவில் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. யூலை 13ஆம் நாள் வெப்பநிலை 106 பாகையை எட்டியது. தொடர்ந்த ஒரு வாரத்தில் வழமையிலும் 739 பேர் மிகையாக இறந்தனர். பிணவறை நிரம்பியதால் உடல்கள் குளிர்பதன லொறிகளில் வைக்கப்பட்டன. உயிரோடிருந்தபோது அவர்களிற் பலருக்குக் கிட்டாத குளிர்ச்சி இறந்தபின் கிட்டியது. மரணவிசாரணை மருத்துவ அதிகாரி எட்மன்ட் டொனகியூ வெளியிட்ட தொகையை நகரபிதா றிச்சட் டேலி ஐயுற்றார். இங்கேதான் வெப்பச்சாவின் இயல்பு வெளிப்படுகின்றது. குளிரில் விறைத்த உடல் தன் காரணத்தைத் தானே கூறும். வெப்பத்தில் இறந்தவரின் சான்றிதழிலோ பெரும்பாலும் இருதயநோய் என்றே எழுதப்படும். எண்ணப்படாத சாவுக்கு எவரும் நிதி ஒதுக்குவதில்லை. சமூகவியலாளர் எரிக் கிளினென்பேர்க் 2002இல் வெளியிட்ட நூல், இச்சாவுகள் தனிமையும் வறுமையும் அச்சமும் கூடிய இடங்களில் நிகழ்ந்தமையை விரிவாகக் காட்டியது. திருட்டுக்கு அஞ்சிச் சாளரத்தைப் பூட்டியவரும், பட்டியலுக்கு அஞ்சிப் பொறியை நிறுத்தியவரும் அவர்களுள் அடங்குவர். இயங்கும் குளிரூட்டியே உயிர்காத்த முதன்மைக் காரணி என்பதை 1996இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு உறுதிப்படுத்தியது. அதே 1995 ஓகத்திற் பிரதிநிதிகள் சபை இத்திட்டத்துக்கு அடுத்த ஆண்டுக்கென எதுவும் ஒதுக்காத சட்டமூலத்தை நிறைவேற்றியது என்பதை வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளல் வேண்டும். செனற் சபையின் எதிர்ப்பாற் திட்டம் பிழைத்தது. ஒதுக்கீடு 900 மில்லியன் டொலராகக் குறைந்தது.

பொதுவீடமைப்பிலும் இதே மனப்பான்மை நிலவியது. அரச குடியிருப்புகளில் வாழும் வறியோருக்கு மின்சாரப் படித்தொகை கணிக்கும்போது, குளிரூட்டிக்குச் செலவாகும் மின்சாரத்தைச் சேர்க்கலாகாதெனச் சமட்டி விதிகள் வகுத்தன. வெப்பமூட்டல் தேவை, குளிரூட்டல் ஆடம்பரம் என்பதே அவ்விதியின் உட்பொருள். மின்சாரத்தைத் துண்டிப்பது பற்றிய மாநில விதிகளும் அவ்வாறே. குளிர்காலத் துண்டிப்புக்குக் கட்டுப்பாடு விதித்த மாநிலங்களின் தொகையில் ஏறத்தாழப் பாதியளவினவே கோடைத் துண்டிப்புக்கும் அத்தகைய கட்டுப்பாட்டை விதித்திருந்தன. அரிசோனா மாநிலத்திற் பீனிக்ஸ் நகரையடுத்து வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் இல்லத்து மின்சாரம் 2018 செத்தெம்பரில் 51 டொலர் நிலுவைக்காகத் துண்டிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே அவர் 125 டொலர் செலுத்தியிருந்தார். அவர் வெப்பத்தால் இறந்தமை அடுத்த ஆண்டு வெளியானதும், மாநிலத்தின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2019 யூன் முதல் ஒற்றோபர் 15 வரை துண்டிப்பைத் தடைசெய்தது. பின்னர் இத்தகைய ஏற்பாடு நிலையானதாயிற்று.

துண்டிப்பு நின்றமையால் மட்டும் பிரச்சினை தீரவில்லை. 2023இற் பீனிக்சில் 31 நாட்கள் தொடர்ந்து வெப்பநிலை 110 பாகையையோ அதற்கு மேற்பட்ட அளவையோ அடைந்தது. அந்நகர் அடங்கிய மரிக்கோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகள் 645 என உறுதிப்படுத்தப்பட்டன. பெரும்பாலானவை வெளியிடங்களில் நிகழ்ந்தவை. வீட்டினுள் இறந்தோரை நோக்கின், அவர்களுட் பெரும்பாலோரின் இல்லங்களிற் குளிரூட்டி இருந்தது, ஆனால் இயங்கவில்லை. பழுதுபார்க்கும் செலவும் கட்டணத்தைப் போன்றதே என்பதையும், பட்டியலைத் தீர்க்கும் உதவி பொறியைத் திருத்தும் உதவியாகவும் அமைதல் வேண்டும் என்பதையும் மாநிலங்கள் மெல்லவே ஏற்றுக்கொண்டுள்ளன. இத்திட்டத்தின் உதவிக்குத் தகுதியுடைய குடும்பங்களில் அதனைப் பெறுவன ஏறத்தாழ ஐந்திலொன்றே. அவ்வுதவியிலும் பெரும்பங்கு வெப்பமூட்டலுக்கே செல்கின்றது.

2025 ஏப்பிரலில் இத்திட்டத்தை வொசிங்ரனிலிருந்து நிருவகித்த சமட்டி அலுவலர் அனைவரும் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். அவ்வாண்டுக்கு ஒதுக்கப்பட்டதில் ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் அப்பொழுது மாநிலங்களுக்கு விடுவிக்கப்படாதிருந்தது. குளிர்காலத்துக்குரிய பங்கு முன்னரே சென்றுவிட்டது; எஞ்சிநின்றது பெரிதும் கோடைக்கு உதவக்கூடிய பணம். அது மே மாதத் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டது.