மாவோரி ஆராய்ச்சி மாணவரும் அவர்தம் சமூகமும்

கலாநிதிப் பட்டத்துக்கு உழைப்பவர் ஏட்டோடும் மேசையோடும் தனித்திருக்க வேண்டியவர் என்பது பல்கலைக் கழகங்கள் நெடுங்காலமாக வளர்த்துவந்த கருத்து. நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரிகளின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, இக்கருத்து யாருக்கு வாய்ப்பானது என்னும் வினா நம்முன் எழுகின்றது.

வைத்தாங்கி உடன்படிக்கை 1840இல் ஏற்பட்டது. 1867ஆம் ஆண்டின் சட்டம் மாவோரிச் சிற்றூர்களில் ஆங்கிலம் போதிக்கும் பாடசாலைகளை நிறுவ வழிசெய்தது. அவற்றுக்கு நிலங்கொடுத்தவர்கள் மாவோரிகள். அங்கே மொழியை இழந்தவர்களும் அவர்களே. தே ஆவுத்தே கல்லூரி மட்டும் மாவோரி இளைஞரைப் பல்கலைக் கழகப் பிரவேசப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தது. அதன் மாணவரான அப்பிரானா ஙாத்தா 1893இல் பட்டம் பெற்றார். நியூசிலாந்துப் பல்கலைக் கழகப் பட்டம் பெற்ற முதல் மாவோரி அவரே. (நம் ஙகரத்துக்கு இப்பெயரிலேனும் மொழிமுதலில் வேலை கிடைத்தது!) மருத்துவராகவும் மானிடவியலறிஞராகவும் புகழ்பெற்ற தே ராங்கி ஹிரோவாவும் அங்கே கற்றவர். இத்தகைய கல்லூரியைப் பாராட்டியிருக்க வேண்டாமா? 1906இல் அதனை விசாரித்த அரச ஆணைக்குழு, வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் அங்கே இடம் பெருகவேண்டுமென விதந்துரைத்தது. மாவோரிக்கு ஏர் போதும். ஏடு எதற்கு என்பதே அதன் உட்கிடை.

ரொட்டோருவாப் பகுதியின் வெந்நீரூற்றுகளைப் பிரயாணிகளுக்குக் காட்டும் வழிகாட்டியாயிருந்தவர் மாக்கரேத்தி. பின்னர் இங்கிலாந்திற் குடியேறி, ஒக்ஸ்போர்டில் மானிடவியல் பயின்று, தம் மக்களின் வாழ்வையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். 1926இல் தாயகம் சென்று, எழுதியவற்றைத் தம் முதியோர்முன் வைத்தார். பேராசிரியர் ஏற்றாற் போதாது, பேசப்பட்டவர்களும் ஏற்கவேண்டும் என்று அவர் கருதினார். நமக்கு இதுவே அவர் வாழ்வின் தலையாய செய்தியாகப் படுகின்றது. பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்க, 1930இல் அவர் மறைந்தார். நூல் 1938இல் வெளிவந்தது. பட்டமோ 2025இலேதான் அளிக்கப்பட்டது.

அவர் தனியொருவராகச் சுமந்ததைப் பலர் கூடிச் சுமக்கும் ஏற்பாடு பின்னரே உருவாயிற்று. 1982இல் தோன்றிய மொழிக்கூடு என்னும் பாலர் பாடசாலை இயக்கம், பாட்டிமாரைக் கொண்டே குழந்தைகளுக்கு மொழியூட்டியது. அதே ஊக்கம் பல்கலைக் கழகங்களையும் எட்டியது. வெலிங்டனில் 1986இலும் ஓக்லாந்தில் 1988இலும், 'மராய்' எனப்படும் குல மன்றங்கள் பல்கலைக் கழக வளவுகளுக்குள்ளேயே எழுந்தன. ஓக்லாந்தில் கிரஹாம் ஸ்மித், லிண்டா துஹிவாய் ஸ்மித் முதலியோர் ஆராய்ச்சி மாணவரை ஒன்றுகூட்டினர். 2002இல் மாவோரி ஆராய்ச்சிக்கெனத் தேசிய நிலையமொன்று அமைந்ததும், அம்முயற்சி 'மாய்' என்னும் பெயருடன் நாடெங்கும் பரவியது. ஐந்தாண்டுகளில் 500 மாவோரிக் கலாநிதிகள் என்பது அவர்கள் வகுத்த இலக்கு.

கூட்டங்களில் நடப்பது எளிமையானது. மாணவர் தம்மை அறிமுகஞ் செய்யும்போது ஆய்வுத் தலைப்பைக் கூறுமுன் தம் மலையையும் ஆற்றையும் முன்னோரையும் கூறுவர். சேர்ந்துண்பர். முன்னேறியவர் புதியவரின் அத்தியாயத்தைப் படித்துத் திருத்துவர். நகரை விட்டு அகன்று சில நாள் ஒரே கூரையின்கீழ்த் தங்கி எழுதுவர். துறையில் தாம் ஒருவரே மாவோரியாக இருந்து, மேற்பார்வையாளருக்கே தம் உலகை விளக்கிக் களைத்தவருக்கு, விளக்கந் தேவைப்படாத ஓர் அவை எத்துணை ஆறுதல்! இதனைச் சலுகை என்போர் உளர். பெருங்குடி மாணவருக்கு இவ்வுறவு பிறப்பிலேயே வாய்த்துவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

500 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பட்டம் பெற்றவரோடு கற்றுக்கொண்டிருந்தவரையும் சேர்த்தே அதனைக் கணக்கிட்டனர். மாவோரி விரிவுரையாளரோ இன்றும் சிலரே. மேற்பார்வையும் குழுப்பணியும் விருந்தினரை மரபுப்படி வரவேற்றலும் அச்சிலரின் தோள்களிலேயே விழுகின்றன. பதவி உயர்வு கோரும் விண்ணப்பத்தில் அப்பணிகளுக்கு நிறை குறைவு.