மதுரை உள்ளூர் உணவுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

மதுரைக்கு வரும் பயணிகள் மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்த பிறகு அடுத்ததாகத் தேடுவது இந்நகரின் உணவுகளையே. ஜிகர்தண்டா, பருத்திப்பால், கறி தோசை, பரோட்டா, அயிரை மீன் குழம்பு, அழகர்கோவில் தோசை ஆகியவை மதுரையின் பாரம்பரிய உணவுகள் என்று ஒரே வரிசையில் சொல்லப்படுகின்றன. ஆனால் இவற்றின் வயது ஒன்றல்ல. சில, மிளகாய் தமிழகத்துக்கு வருவதற்கு முந்தைய சமையல் முறையைக் காத்து வருகின்றன. சில, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. ஆறு, கண்மாய், பருத்தி, நெசவாளர் குடியேற்றம், இரயில், கோதுமை என ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் ஒரு வரவு இருக்கிறது. அந்த வரவுகளின் வரலாற்றை இக்கட்டுரை காலவரிசைப்படி விளக்குகிறது.

சங்க கால அங்காடிகள்

மதுரையின் உணவு பற்றிய மிகப் பழைய விரிவான பதிவு மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடிய இந்நூல் 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டில் இதுவே நீளமானது. பகலில் இயங்கும் நாளங்காடியும் இரவில் இயங்கும் அல்லங்காடியும் இதில் காட்டப்படுகின்றன. மதுரை 'தூங்கா நகரம்' எனப்படுவதற்கு இந்த இரவுக் கடைகளையே பலரும் முதல் சான்றாகக் காட்டுவர்.

இந்நூலில் பலாச்சுளை, மாங்கனி, கிழங்கு, ஊன் கலந்த சோறு, பாற்சோறு ஆகியவை வருகின்றன. தேன்கூடு போன்ற மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்கப்படுகின்றன. அப்பம் சுட்டு விற்போர் கூவியர் எனப்பட்டனர். இரவு முதிர்ந்ததும் அவர்கள் கடையிலேயே உறங்கும் காட்சியும் உண்டு. அரிசிமாவு, வெல்லப்பாகு, தேங்காய், பருப்பு என்ற சேர்க்கை அன்று முதல் இன்றுவரை இந்நகரத் தின்பண்டங்களின் அடிப்படையாக இருந்து வருகிறது.

புட்டும் அழகர்கோவில் தோசையும்

சமய மரபில் மதுரையோடு நெருங்கிய தொடர்புடைய உணவு புட்டு. வைகையில் வெள்ளம் வந்தபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். புட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டையே கூலியாகப் பெற்று மண் சுமந்தார் என்பது திருவிளையாடல். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதை விரிவாகக் கூறுகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் இந்நிகழ்ச்சி இன்றும் வைகைக் கரையிலுள்ள புட்டுத்தோப்பில் நடத்தப்படுகிறது. வெள்ளம், கட்டாய வேலை, உணவே கூலியாக இருந்த நிலை ஆகியவற்றை இக்கதை நினைவில் வைத்திருக்கிறது.

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்கோவிலில் தோசையே புகழ்பெற்ற பிரசாதம். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு சேர்த்து, நெய்யில் தடிமனாகச் சுடப்படுகிறது. இதில் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. கோயில் மடப்பள்ளிகள் புதிய பொருள்களை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே பழைய காரம் எப்படி இருந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு இத்தோசை நல்ல சான்று.

நாயக்கர் காலக் குடியேற்றங்கள்

1529-இல் விசுவநாத நாயக்கருடன் தொடங்கிய நாயக்கர் ஆட்சி 1736 வரை நீடித்தது. இக்காலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் மக்கள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறினர். பட்டு நெசவில் தேர்ந்த சௌராஷ்டிரர் மகாலைச் சுற்றிய தெருக்களில் பெருந்தொகையாக வாழ்கின்றனர். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் செய்யும் பச்சை நிறப் பூரி அவர்களின் அடையாள உணவு. சளிக்கு நல்லது என்று கருதப்படும் இது மாலை நேரத்தில் அத்தெருக்களில் கிடைக்கும். புளிப்பு மிகுந்த சோற்று வகைகளும் அவர்கள் சமையலுக்கு உரியவை.

சித்திரைத் திருவிழாவை இன்றைய வடிவில் அமைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது மரபு. கள்ளழகர் வைகையில் இறங்கும் அந்நாள்களில் வழியெங்கும் நீர்மோரும் பானகமும் விலையின்றி வழங்கப்படுகின்றன.

பெரியாற்று நீரும் அயிரை மீனும்

மதுரைச் சமவெளி இயல்பில் மழை குறைந்த பகுதி. கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு, குதிரைவாலி ஆகியவையே பெரும்பாலான உழவர் வீட்டு உணவாக இருந்தன. 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1895-இல் பென்னிகுயிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குத் திருப்பப்பட்டது. மேலூர், மதுரை வட்டாரங்களில் நெல் விளைச்சல் பெருகியது. நெற்சோறும் இட்லியும் அன்றாட உணவாகப் பரவியதற்கு இந்நீரே முக்கியக் காரணம்.

வைகையும் கண்மாய்களும் தந்த மற்றொரு உணவு அயிரை மீன். விரலளவு நீளமுள்ள இந்நன்னீர் மீன் சேற்றுப் படுகையில் வாழ்வது. எனவே உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு, மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு உரசிக் கழுவிய பிறகே சமைப்பர். புளிக்குழம்பில் முழு மீனாகவே போடப்படுகிறது. ஒரு காலத்தில் கண்மாய் மடைகளில் கூடை வைத்துப் பிடித்த ஏழைகளின் மீன் இது. நகர் விரிவடைந்தபோது பல கண்மாய்கள் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின, மீன்வரத்து குறைந்தது. இன்று மதுரை உணவகங்களில் விலை மிகுந்த குழம்புகளில் ஒன்றாக அயிரைக் குழம்பு உள்ளது.

பருத்திப்பால்

மதுரைக்குத் தெற்கேயும் மேற்கேயும் பரவியுள்ள கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. பஞ்சு எடுத்த பின் மிஞ்சும் விதை மாட்டுத் தீவனம். அதே விதையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசிமாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவதே பருத்திப்பால். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் பெரிய நூற்பாலையை நிறுவினர். ஆலைச் சங்கின்படி முறைவேலை செய்த தொழிலாளர்க்கு, பசி தாங்கும் மலிவான சூடான உணவு தேவைப்பட்டது. தள்ளுவண்டிகளில் விற்கும் பருத்திப்பால் அத்தேவைக்குப் பொருந்தியது. இன்றும் அது காலையிலும் மாலையிலும் தெருவோரங்களில் கிடைக்கிறது.

ஜிகர்தண்டா

'ஜிகர்' என்பது ஈரல் அல்லது நெஞ்சையும், 'தண்டா' என்பது குளிர்ச்சியையும் குறிக்கும் இந்துஸ்தானிச் சொற்கள். பாதாம் பிசின் அல்லது கடற்பாசி, சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவை இதன் கூறுகள்.

இதனை முகலாயர் பானம் என்று கூறுவர். ஆனால் மதுரை முகலாயரின் நேரடி ஆட்சியில் இருந்ததில்லை. நாயக்கர் ஆட்சி முடிந்த 1736-க்குப் பின் ஆற்காட்டு நவாபின் அதிகாரமும், அவர் சார்பில் வந்த அலுவலரும் படைவீரரும் மதுரைக்கு வந்தனர். இந்துஸ்தானிப் பெயர் இங்கு வேரூன்ற அது தக்க சூழல். எனினும் இன்றைய வடிவத்துக்குப் பனிக்கட்டி இன்றியமையாதது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னையில் ஐஸ்ஹவுஸ் கட்டப்பட்டது 1842-இல். மதுரைக்கு இரயில் வந்தது 1875-இல். பிறகு இயந்திரங்கள் பனிக்கட்டி தயாரித்தன. ஆகவே பெயர் பழையதாக இருந்தாலும், இன்று குவளையில் தரப்படும் ஜிகர்தண்டா 20-ஆம் நூற்றாண்டின் உணவே. விளக்குத்தூண் பகுதிக் கடைகள் இதற்குப் பெயர்பெற்றவை. 2014-இல் இதே பெயரில் வந்த, மதுரையைக் களமாகக் கொண்ட திரைப்படம் இப்பானத்தின் பெயரை மேலும் பரப்பியது.

பரோட்டாவும் கறி தோசையும்

1942-இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகள் வழியே கோதுமை தெற்கே வந்தது. 1956 முதல் பி.எல். 480 திட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமை பெருமளவில் இறக்குமதியானது. அரிசி உண்ட சமூகத்தில் மைதா இடம்பிடித்தது இச்சூழலில்தான். மைதாவைப் பிசைந்து, வீசி, மடித்துச் சுடும் பரோட்டா, சால்னாவுடன் இரவு உணவாக நிலைபெற்றது. இலங்கையின் கொத்து ரொட்டியும் மலேசியாவின் ரொட்டி சானாயும் இதன் உறவுகள். கடல்கடந்த தமிழரின் போக்குவரத்தை அவை காட்டுகின்றன.

பிற நாடுகளிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. வியட்நாமில் பயணிகள் தேடிச் சுவைக்கும் பான் மீ, பிரெஞ்சு ஆட்சியில் வந்த கோதுமை ரொட்டியிலிருந்து பிறந்தது. வந்த பொருள் அந்நியமானது. அதை ஆக்கிய கை உள்ளூர்க் கை.

கறி தோசை மூன்று அடுக்கு உடையது: கீழே தடித்த தோசை, நடுவே முட்டை, மேலே மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி. சிம்மக்கல் பகுதியின் கோனார் கடை இதற்குப் புகழ்பெற்றது.

வடக்கம்பட்டியும் முனியாண்டி விலாசும்

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழக நகரங்களில் வெளியே உண்பது சாதியோடு பிணைந்திருந்தது. பல உணவகங்களில் பிராமணர்க்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னை முரளி கபே முன் போராட்டம் நடத்தினார்.

இத்தகைய காலத்தில் அசைவ உணவை வெளிப்படையாகப் பெயர்ப்பலகையில் அறிவித்த உணவகங்களில் முதன்மையானது முனியாண்டி விலாஸ். திருமங்கலம் அருகேயுள்ள வடக்கம்பட்டி, வானம் பார்த்த கரிசல் ஊர். விளைச்சல் பொய்த்த இவ்வூர் உழவர்கள் வெளியூர் சென்று, தம் ஊர்க் காவல்தெய்வமான முனியாண்டியின் பெயரில் உணவகம் தொடங்கினர். முதல் உணவகம் 1937-இல் காரைக்குடியில் தொடங்கப்பட்டதாகக் கூறுவர். ஒருவரிடம் வேலை கற்றவர் அடுத்த ஊரில் புதிய கடை திறப்பது வழக்கமாயிற்று. நாளின் முதல் விற்பனைப் பணத்தைத் தெய்வத்துக்கு எடுத்து வைப்பதும் வழக்கம்.

ஆண்டுதோறும் உணவக உரிமையாளர்கள் வடக்கம்பட்டியில் கூடி, ஆடுகள் பலியிட்டு, பெரும் அண்டாக்களில் பிரியாணி சமைத்து, வருவோர் அனைவர்க்கும் பிரசாதமாக வழங்குகின்றனர். பஞ்சம் பார்த்த ஊரே சோறு போடும் ஊராக மாறியதன் அடையாளம் இத்திருவிழா.

இன்றைய நிலை

மதுரை உணவுகளில் வணிக வெற்றி பெற்றவை நிலைத்துள்ளன. ஜிகர்தண்டாவும் பரோட்டாவும் பிற மாநிலங்களிலும் கிளை பரப்பியுள்ளன. ஆனால் நிலத்தை நம்பியவை நலிகின்றன. கண்மாய் வற்றினால் அயிரை இல்லை. நாள் முழுதும் உழைப்பு வேண்டும் பருத்திப்பாலைக் காய்ச்ச அடுத்த தலைமுறை முன்வராவிட்டால் அதுவும் அருகிவிடும். செய்முறையை ஏட்டில் எழுதி வைக்கலாம். கண்மாயையும் கைப்பழக்கத்தையும் அப்படிக் காக்க இயலாது. எனவே ஓர் உணவைப் பாரம்பரியம் என்று போற்றுவோர், அது எந்த நீரில், எவர் உழைப்பில் உண்டானது என்பதையும் அறிந்து பேணுதல் வேண்டும்.