செம்பருத்தியும் அதன் ஆப்பிரிக்க உறவும்

ஒரு பூவின் பெயர் அதன் பிறப்பிடத்தைச் சொல்லும் என்று நம்புகிறோம். செம்பருத்தியின் வரலாறு அந்த நம்பிக்கையைக் கலைக்கிறது.

1679இல் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலின் இரண்டாம் தொகுதியில், கேரள வைத்தியர்களின் துணையோடு டச்சு ஆளுநர் வான் ரீடு இப்பூவைச் 'செம்பரத்தி' என்றே பதிவு செய்தார். பருத்தியும் செம்பருத்தியும் மால்வேசி என்னும் ஒரே குடும்பத்தவை என்று பின்னாளில் தாவரவியல் வகுத்த உறவு, நம் பெயரில் முன்பே இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் அதற்கு 'ரோசா-சினென்சிஸ்', அதாவது சீனத்து ரோஜா, என்று பெயரிட்டார். வாழிடம் என்று அவர் குறித்ததோ இந்தியா! உண்மையில் இவ்வினம் எங்கும் காட்டுச் செடியாக அறியப்படவில்லை. மனிதர் தோட்டந்தோறும் கொண்டுசென்று வளர்த்த செடி இது. இதன் மூதாதையரை ஆய்வாளர் சிலர் அண்மையில் பசிபிக் தீவுகளில் தேடுகின்றனர்.

இதன் உறவினமான 'ஸ்கைசோபெட்டலஸ்' கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா, தான்சானியா பகுதிகளுக்குரியது. செம்பருத்தியின் இதழ்கள் அகன்று விரிந்து நிற்கும். இதிலோ நீண்ட காம்பில் பூ தலைகீழாகத் தொங்கும். ஆழமாகக் கிழிபட்ட இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். மகரந்தத் தண்டு வெகுநீளமாகக் கீழே இறங்கும். பெயருக்குப் பொருளும் 'பிளந்த இதழ்' என்பதே.

ஐரோப்பாவுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் சான்சிபாரில் பிரித்தானியத் தூதராக இருந்த ஜான் கிர்க். 1873இல் அங்கிருந்த அடிமைச் சந்தையை மூடச் சுல்தான் பர்காஷை இணங்கச் செய்தவரும் அவரே. 1879இல் இச்செடியைச் 'சீனத்து ரோஜா'வின் ஒரு வகையாகத்தான் வெளியிட்டனர். மறு ஆண்டே ஜோசப் ஹூக்கர் அதைத் தனி இனமாக உயர்த்தினார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சொந்தக் காடு உடைய செடி, காடே அறியப்படாத தோட்டச் செடியின் கிளையாக எண்ணப்பட்டது. முதலில் பெயர் பெற்றதே மூலம் என்று கொண்டதன் விளைவு இது. இலக்கிய வரலாற்றிலும் நாம் இதையே செய்கிறோம் அல்லவா? முதலில் அச்சேறிய பாடத்தை மூலமாகக் கொண்டு, பின்னர்க் கிடைக்கும் சுவடியைத் திரிபு என்கிறோம். ஹூக்கருக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது.