மொன்றியலில் தாய்சேய் நலம்: எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

ஊரில் ஒரு பெண் கர்ப்பமானால் மிட்வைஃப்பின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். கிளினிக் கொப்பியும் திரிபோஷாவும் பின்னால் வரும். மொன்றியலில் அப்படியல்ல. கர்ப்பத்தை நாமே தெரியப்படுத்த வேண்டும். தெரியப்படுத்தினால் கிடைக்கும் உதவிகள் பல.

திட்டம் வளர்ந்த விதம்

கனடாவில் சுகாதாரம் பெரும்பாலும் மாகாண அரசுகளின் பொறுப்பு. கியூபெக்கில் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சி.எல்.எஸ்.சி எனும் சமூக சுகாதார நிலையங்கள் பகுதிதோறும் அமைந்தன. மகப்பேற்றுக் காலம் பற்றிய கொள்கையை மாகாண அரசு 1993 இல் வெளியிட்டது. 2004 இல், வறுமையில் வாழும் தாய்மாரையும் இளவயதுத் தாய்மாரையும் கர்ப்பத்தின் 12 ஆவது வாரமளவில் இருந்து பிள்ளை பள்ளி செல்லும்வரை வீடு தேடிச் சென்று கவனிக்கும் திட்டம் வந்தது.

முட்டை, பால், தோடம்பழம்

இதன் ஓர் அங்கம் 'ஓலோ'. முட்டை, பால், தோடம்பழம் ஆகியவற்றின் பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு இந்த உணவுகளும் விற்றமினும் இலவசமாகக் கிடைக்கும். நாம் அறிந்த திரிபோஷாவின் நோக்கமும் இதுவே.

இதற்கு வழிகாட்டியது 1879 இல் தொடங்கிய மொன்றியல் உணவு ஆலோசனை நிலையம். அதன் தலைவி அக்னஸ் ஹிகின்ஸ் உருவாக்கிய முறை பற்றிய ஆய்வு 1989 இல் வெளியானது. ஒரே தாயின் இரு பிள்ளைகளை ஒப்பிட்டபோது, உதவி பெற்ற கர்ப்பத்தில் பிறந்த பிள்ளை சராசரியாக 107 கிராம் கூடிய எடையுடன் இருந்தது.

யாருக்கு என்ன உரிமை?

• அகதிக் கோரிக்கையாளர்: கர்ப்பகாலக் கவனிப்பையும் பிரசவத்தையும் மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது. 2012 இல் வெட்டப்பட்ட இத்திட்டம் 2016 ஏப்ரலில் முழுமையாக மீண்டது.

• புதிய நிரந்தர வதிவாளர்: மாகாண மருத்துவ அட்டைக்கு மூன்று மாதம் வரை காத்திருக்க நேரலாம். கர்ப்பம், பிரசவம் தொடர்பான சேவைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

• பிள்ளைகள்: மொன்றியலிலேயே பிறந்து கனடியக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்குக்கூட, பெற்றோரின் குடிவரவு நிலையைக் காட்டி அட்டை மறுக்கப்பட்ட காலம் இருந்தது. மாகாண மக்கள் குறைகேள் அதிகாரி 2018 இல் இதைக் கண்டித்தார். 2021 செப்டெம்பர் 22 முதல், மாகாணத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கவிருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் நிலை தடையல்ல.

ஆனால் அந்தச் சட்டம் பிள்ளையை மட்டுமே உள்ளடக்கியது, தாயின் கர்ப்பகாலத்தை அல்ல. எந்தக் காப்புறுதியும் இல்லாத பெண்ணுக்குப் பிரசவச் செலவு பல ஆயிரம் டொலர். அதற்குப் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் ஆபத்து தாய்க்கும் பிள்ளைக்கும்தான். அத்தகையோருக்கு 'உலக மருத்துவர்கள்' அமைப்பு மொன்றியலில் இலவச கிளினிக் நடத்துகிறது.

செய்ய வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதும் சி.எல்.எஸ்.சிக்கு அறிவியுங்கள். அகதிக் கோரிக்கையாளருக்கான மாகாணச் சேவை கோட் டி நேஜ் பகுதியில் இயங்குகிறது. பிரெஞ்சு தெரியாவிட்டால் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 811 இல் தாதியுடன் பேசலாம்.

பிரசவத்தின் பின் வீட்டுக்கு வரும் தாதியிடம் பத்தியம், சரக்குக்கறி பற்றியும் தயங்காமல் சொல்லுங்கள். அம்மாவோ மாமியோ பக்கத்தில் இல்லாத வீட்டில், உடல்நோவையும் மனச்சோர்வையும் கேட்க வரும் ஆள் அவர்தான்.